உப்புப் பாலைக்கு மேலே ஒரு கம்பளம்: மாயப் போக்குவரத்து பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மிகைபுனைவுக் கதைகளில் பறக்கும் கம்பளம் வந்துவிட்டால் தூரம் என்ற கவலையே போய்விடும். நாயகன் ஏறி உட்கார்வான்; அடுத்த பத்தியில் வேறொரு நாட்டில் இறங்குவான். கதைக்கு அது போதும். அதே கம்பளத்தை ஒரு வண்டியாக எண்ணிப் பாருங்கள். எவ்வளவு ஏற்றலாம், யார் ஓட்டுவது, ஓட்டுபவர் எப்போது தூங்குவார், எதிர்க்காற்று அடித்தால் என்ன செய்வது, சுங்கம் யாருக்குக் கட்டுவது என்று கேட்கத் தொடங்கியதுமே அது வேறு பொருளாகிவிடுகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டக் குழு எங்களுடையது. அப்படி ஒரு கம்பளத்தைக் கற்பனை உலகம் ஒன்றுக்குள் விட்டு, பல மாதங்கள் விளையாடிப் பார்த்தோம். ஆட்டத்தை நடத்தியவன் நான். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கம்பளத்தை வைத்து உலகம் கட்ட நினைக்கும் எழுத்தாளர்களுக்கும் ஆட்டம் நடத்துபவர்களுக்கும் இது பயன்படும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் உலகத்தை மாற்றியது கம்பளத்தின் எடை வரம்பு. எதைத் தூக்க முடியவில்லை என்பதிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைத்தன.

களம்

உலகம் எங்களுடையது. விதிகள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்தது. மேற்கே ஒரு துறைமுகம், கிழக்கே ஒரு மலைநகரம். இடையே 480 கி.மீ. அதில் பெரும்பகுதி உப்புப் பாலை. கடைசி 60 கி.மீ. மலைப்பாதை. கணவாயின் உயரம் 2,400 மீட்டர். வழியில் கிணறு உள்ள இடங்களில் மூன்று சத்திரங்கள். ஒட்டகக் கூட்டம் நாளொன்றுக்கு 30 கி.மீ. நடக்கும் என்றும், ஓர் ஒட்டகம் 150 கிலோ சுமக்கும் என்றும் வைத்துக்கொண்டோம். இரண்டும் நிஜ ஒட்டகத்தால் முடிகிற அளவுகள்தான். ஆக, துறைமுகத்திலிருந்து கிளம்பிய சரக்கு மலைநகரம் சேர 16 நாள். சரக்கோடு சேர்ந்து கடிதமும் வதந்தியும் விலைவாசியும் அதே 16 நாள் நடந்துதான் வரும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

ஆட்டக்காரர்கள் நான்கு பேர்: ஒரு வணிகர், ஒரு வைத்தியர், ஒரு வழிகாட்டி, ஒரு முன்னாள் படைவீரர். இந்த நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்பளம் கிடைக்கிறது. உலகில் வேறு கம்பளங்களும் உண்டு. ஆனால் அவை அரண்மனைகளில் பெருமைக்காகச் சுவரில் தொங்குபவை. அதை ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை.

விதிப்புத்தகத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு

இந்த ஆட்டத்தில் கம்பளம் நான்கு அளவுகளில் வருகிறது. 3×5 அடி: 200 பவுண்டு தூக்கும், ஒரு சுற்றுக்கு 80 அடி பறக்கும். 4×6 அடி: 400 பவுண்டு, 60 அடி. 5×7 அடி: 600 பவுண்டு, 40 அடி. 6×9 அடி: 800 பவுண்டு, 30 அடி. ஒரு சுற்று என்பது 6 விநாடி. இதைக் கிலோமீட்டருக்கு மாற்றிப் பார்த்ததும் மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மிகச் சிறிய கம்பளம் மணிக்கு சுமார் 14.6 கி.மீ. போகும். மிகப் பெரியது 5.5 கி.மீ. தான். அதாவது மனிதர் நடக்கும் வேகம்!

வணிகராக ஆடியவர் பேனாவை எடுத்து எடையையும் வேகத்தையும் பெருக்கினார். 400×60, 600×40, 800×30. மூன்றுக்கும் விடை ஒன்றே: 24,000. சிறியது மட்டும் 16,000. விதியை எழுதியவர்கள் திட்டமிட்டுத்தான் செய்தார்களா என்பது எங்களுக்கு முக்கியமாகப் படவில்லை. உலகத்துக்குள் இருந்து பார்த்தால் இது ஓர் இயற்கை விதி போலவே தெரிகிறது. மந்திரத்துக்கு ஒரு நிலையான திறன் இருக்கிறது; அதை எடையாகவும் செலவழிக்கலாம், வேகமாகவும் செலவழிக்கலாம்.

இன்னொரு விதியும் உண்டு. எந்தக் கம்பளத்திலும் வரம்பைப் போல இரண்டு மடங்கு வரை ஏற்றலாம், ஆனால் வேகம் பாதியாகும். அப்படியானால் 4×6 கம்பளத்தில் 800 பவுண்டு ஏற்றினால் 30 அடி பறக்கும். 6×9 கம்பளம் செய்கிற வேலையை அப்படியே செய்துவிடுகிறது. சுமை குறைந்தால் இரண்டு மடங்கு வேகம் வேறு. பெரிய கம்பளத்துக்கு மிஞ்சியிருப்பது பரப்பு ஒன்றுதான். இந்தக் கண்டுபிடிப்பு பிற்பாடு ஆட்டத்தின் போக்கையே மாற்றியது. எங்கள் நால்வரிடம் அப்போது இருந்ததோ 6×9.

உப்பு ஏறவில்லை

முதல் யோசனை எல்லோருக்கும் வருவதுதான்: பாலையில் உப்பு கிடக்கிறது, மலையில் உப்பு விலை அதிகம், அள்ளிக்கொண்டு போவோம். கணக்குப் போட்டோம். 800 பவுண்டு என்பது 363 கிலோ. இரண்டு பேர், அவர்களுக்குத் தண்ணீர், உணவு, போர்வை எல்லாம் போனால் சரக்குக்கு 200 கிலோ மிஞ்சும். கம்பளத்துக்குக் களைப்பு கிடையாது. இருவர் மாறிமாறி ஓட்டினால் இரவும் பகலும் பறந்து நாளொன்றுக்கு 131 கி.மீ. போகலாம். 480 கி.மீ. தூரத்தை நான்கு நாளுக்குள் முடித்துவிடலாம். நடைவேகத்தில் போகிற ஒன்று ஒட்டகத்தை இவ்வளவு தூரம் முந்துவதற்குக் காரணம் அது நிற்பதில்லை என்பதுதான்.

சரி, ஆனால் எவ்வளவு சரக்கு? எடையையும் தூரத்தையும் பெருக்கிப் பார்த்தால் எங்கள் மாயக்கம்பளம் ஏறக்குறைய ஆறு ஒட்டகங்களுக்குச் சமம். ஆறே ஆறு. 200 ஒட்டகங்கள் கொண்ட ஒரு கூட்டம் 30 டன் கொண்டுவரும். அதைக் கம்பளத்தில் கொண்டுவர 150 நடை போக வேண்டும். போய்த் திரும்ப ஒரு நடைக்கு எட்டு நாள் என்று வைத்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். உப்பு, தானியம், இரும்பு எதுவும் வானத்தில் ஏறவில்லை. ஒட்டகக்காரர்களின் பிழைப்பில் மண் விழும் என்று பயந்த ஆட்டக்காரர்கள் நிம்மதி அடைந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு விக்டர் வாஸ்நெட்சோவ் நினைவுக்கு வருவார். பறக்கும் கம்பளத்தில் நாயகன் நின்றுகொண்டு போகும் அவருடைய புகழ்பெற்ற ஓவியம் 1880இல் முடிந்தது. அதை வரையச் சொன்னவர் ரஷ்யத் தொழிலதிபர் சவ்வா மாமந்தோவ். தோனெத்ஸ்க் நிலக்கரிப் பகுதி ரயில்பாதையின் நிர்வாக அலுவலகத்துக்காகக் கேட்டது அது. நிர்வாகக் குழு கடைசியில் ஓவியத்தை வாங்கிக்கொள்ளவில்லை. நிலக்கரியை இழுக்கும் ரயிலுக்குக் கம்பளத்தை உருவகமாக வைத்தது அழகான கற்பனை. ஆனால் போக்குவரத்து என்ற அளவில் இரண்டும் எதிரெதிர் முனைகள். ரயில் கனத்துக்காகப் பிறந்தது. கம்பளத்தால் கனத்தைத் தொட முடியாது.

எது ஏறியது

கனமில்லாத, ஆனால் காத்திருக்க முடியாத பொருள்கள் ஏறின. வைத்தியருக்கு வேண்டிய மருந்து, குங்குமப்பூ, முத்து, முத்திரையிட்ட கடிதங்கள். இவற்றில் மருந்தைவிடவும் முத்தைவிடவும் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது எடையே இல்லாத ஒன்று: செய்தி.

துறைமுகத்தில் மிளகுக் கப்பல்கள் அந்தப் பருவத்தில் வரவில்லை என்று எங்கள் வணிகருக்குத் தெரியவந்தது. ஒட்டகக் கூட்டம் அந்தச் செய்தியோடு மலைநகரம் சேர 16 நாள் ஆகும். இவர்கள் நான்காம் நாளே அங்கே இறங்கி, சந்தையில் இருந்த மிளகை எல்லாம் பழைய விலைக்கு வாங்கிப் போட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது, விலை ஏறியது. கம்பளத்தில் ஒரு மணி மிளகுகூட ஏறவில்லை. ஆனாலும் அந்த நகரத்தின் மிளகு வணிகம் முழுவதும் கம்பளத்தின் கைக்குப் போய்விட்டது.

இது எங்கள் ஆட்டத்தின் தனி வினோதம் என்று நான் நினைக்கவில்லை. நிஜ உலகில் விமானமும் தொடக்கத்திலேயே தாளைச் சுமந்தது. 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அக்கரையில் இருக்கும் நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். அதிகாரப்பூர்வமான முதல் விமானத் தபால் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். தூரம் ஏறக்குறைய 10 கி.மீ., நேரம் 13 நிமிடம். அந்த விமானத்தால் மூட்டை தூக்க முடியாது. கடிதப்பையைத் தூக்க முடிந்தது.

பழங்கதையிலேயே இந்தப் பொருத்தம் இருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆயிரத்தொரு இரவுகள் தொகுப்பில் இளவரசர் அகமதுவும் பரி பானுவும் வரும் கதையை, அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில், அந்தத் தொகுப்பைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த அன்த்வான் கலானுக்குச் சொன்னார். அதில் மூத்த இளவரசர் உசேன் கம்பளத்தை வாங்குவது பிஸ்நகர் என்ற நகரில். அது நம் விஜயநகரம்தான். இரண்டாமவர் தூரத்தில் இருப்பதைக் காட்டும் தந்தக்குழலை வாங்குகிறார். இளையவர் நோய் தீர்க்கும் ஆப்பிளை. குழலில் பார்க்கிறார்கள், தாங்கள் மூவரும் விரும்பும் இளவரசி சாகக் கிடக்கிறாள். கம்பளத்தில் ஏறிப் போய் ஆப்பிளைக் கொடுத்துப் பிழைக்க வைக்கிறார்கள். சரக்கு என்று பார்த்தால் மூன்று மனிதர்களும் ஒரு பழமும். செய்தி ஒரு பொருளாகவும், அவசர மருந்து ஒரு பொருளாகவும், இரண்டையும் இணைக்கிற வண்டி ஒரு பொருளாகவும் எவ்வளவு துல்லியமாகப் பிரிந்திருக்கிறது பாருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவள் செத்திருப்பாள். அந்தக் கதை அங்கேயே முடிவதில்லை, மூவரில் யாருக்கு அவள் என்ற சிக்கல் அதற்கப்புறம்தான் வருகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கம்பளத்தில் உட்கார்ந்து நினைத்தால் போதும், உடனே போய்ச் சேர்ந்துவிடலாம். வழி என்பதே கிடையாது. எங்கள் உலகத்தில் வழி இருந்தது. அந்த வழியில் காற்று இருந்தது.

காற்று

கம்பளத்துக்கான விதியில் காற்றைப் பற்றி எதுவும் இல்லை. ஆகவே முடிவெடுக்க வேண்டியிருந்தது. கம்பளத்தின் வேகம் தரையைப் பொறுத்ததா, காற்றைப் பொறுத்ததா? பறக்கும் வாகனம் எதை வைத்து உலகம் கட்டினாலும் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான கதைகள் இதைத் தொடுவதே இல்லை. தரையைப் பொறுத்தது என்றால் கம்பளம் கண்ணுக்குத் தெரியாத தண்டவாளத்தில் ஓடுகிறது. காற்று பயணியின் முகத்தில் அடிக்குமே தவிர வண்டியைத் தொடாது. காற்றைப் பொறுத்தது என்றால் கம்பளம் ஒரு படகு.

நாங்கள் படகைத் தேர்ந்தெடுத்தோம். உடனே எல்லாம் உயிர்பெற்றது. எங்களுடையதைவிட இரண்டு மடங்கு வேகமான 4×6 கம்பளமே மணிக்கு 11 கி.மீ. தான் போகும். இலையும் சிறு கிளையும் இடைவிடாமல் அசைகிற அளவுக்கான காற்றே மணிக்கு 12 முதல் 19 கி.மீ. வரை வீசும். அது எதிரே வந்தாலே கம்பளம் நின்ற இடத்தில் நிற்கும், அல்லது பின்னால் போகும். புழுதியையும் தாளையும் கிளப்பும் 20 கி.மீ. காற்று முதுகுக்குப் பின்னால் வீசினால் மொத்த வேகம் 31 கி.மீ. ஆகி, 480 கி.மீ. தூரம் பதினாறு மணி நேரத்துக்குள் முடியும். அதே காற்றில் திரும்ப முடியாது. காத்திருக்க வேண்டும்.

பருவக்காற்றுக்காகத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் காத்திருந்த மாலுமிகளின் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் பாலைக்குள் வந்து சேர்ந்தது. வழிகாட்டியாக ஆடியவர் அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தவர். இப்போது குழுவில் அவர் சொல்தான் கடைசிச் சொல். பகலில் கடலிலிருந்து நிலத்துக்கு வீசும் காற்றைப் பிடிக்கக் காலையில் துறைமுகத்தை விடுவது, பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மலைமேல் ஏறும் காற்றை நம்பி நண்பகலுக்கு மேல் மலையடிக்குப் போய்ச் சேர்வது, திரும்பும்போது இரவில் மலையிலிருந்து இறங்கும் காற்றில் நழுவி வருவது என்று அவர் ஒரு கால அட்டவணையே போட்டார். கடற்காற்று வழக்கமாகச் சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே எட்டாது. நடுப்பாலையில் என்ன வீசும் என்பதற்குப் பகடைதான் உருட்ட வேண்டும். அந்தப் பகடை உருளும்போது மேசையில் இருந்த அமைதி எனக்கு எந்த அரக்கனோடு போட்ட சண்டையிலும் கிடைத்ததில்லை.

உயரமும் ஒரு கேள்விதான். உயரே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 2,400 மீட்டர் கணவாயில் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 16 டிகிரி குளிர். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது கடுமை. நடக்கிற ஒட்டகக்காரருக்கு உடம்பாவது சூடாகும். கம்பளத்தை எவ்வளவு தாழப் பறக்கவிடுவது என்று யோசித்தபோது நிஜ இயற்பியலிலிருந்து ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டோம். எல். மகாதேவனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, 10 செ.மீ. நீளமும் 0.1 மி.மீ. தடிமனும் உள்ள மெல்லிய தாள் ஒன்று, விநாடிக்குச் சுமார் 10 முறை கால் மில்லிமீட்டர் அளவுக்கு அலை அலையாக நெளிந்தால் காற்றில் மிதக்கலாம். தாளுக்கும் தரைக்கும் இடையே சிக்கிய காற்றின் அழுத்தம்தான் தாங்குகிறது. எனவே தரைக்கு அருகில்தான் இது நடக்கும். 2011இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அந்த வகைத் தாள் ஒன்றைச் செய்தும் காட்டினார்கள். அது விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் நகர்ந்தது. மனிதரைத் தூக்கும் கம்பளத்துக்கும் இதற்கும் வெகுதூரம்தான். ஆனால் முன்னோரத்திலிருந்து பின்னோரத்துக்கு ஓடும் அந்த அலையை எங்கள் கம்பளத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டோம். தரையை விட்டு விலக விலக அலை பெரிதாகும், உட்கார்ந்திருப்பவர் குலுங்குவார். ஆகவே ஓட்டுநர்கள் யாரும் சொல்லாமலே தாழப் பறந்தார்கள்.

பயணிகள்

இதில் அதிகம் சொல்ல இல்லை, ஏனென்றால் பயணிகள் சேவை நிலைக்கவில்லை. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் தரையை மோதுவார். கம்பளத்துக்குக் கைப்பிடி இல்லை. இடுப்பில் கயிறு கட்டி நான்கு மூலைக் குஞ்சங்களிலும் முடிந்துதான் ஆட்களை ஏற்றினார்கள். நடைவேகத்தில் போகும்போது காற்று தள்ளுவது தெரியாது. மணிக்கு 100 கி.மீ. போகிற கம்பளம் என்று நீங்கள் எழுதினால், உட்கார்ந்திருப்பவரின் மார்பில் ஏறக்குறைய 28 கிலோ எடை அளவுக்குக் காற்று தள்ளும். அவரை அங்கேயே வைத்திருக்க ஏதாவது ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு என்ன என்று எழுதுவது கதையின் நம்பகத்தன்மைக்கு மிகவும் உதவும்.

நோயாளிகள் மட்டும் விதிவிலக்கு. 6×9 கம்பளத்தில் இருவரைப் படுக்கவைத்து வைத்தியரும் பக்கத்தில் உட்காரலாம். பெரிய கம்பளத்தின் பரப்பு அப்போதுதான் அர்த்தம் பெற்றது.

நடுச் சத்திரம்

வானத்தில் வழி திறந்தால் கீழே இருக்கும் சத்திரங்கள் பாழடையும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். நடந்தது நேர் எதிர். கம்பளத்துக்குத் தூக்கம் வேண்டாம், ஓட்டுநருக்கு வேண்டும். சொல்லும் கட்டளைப்படிதான் கம்பளம் நகரும். சொல்பவர் அதிலிருந்து 30 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தூங்கிவிட்டால் கட்டளை நின்றுபோகும். இரண்டு ஓட்டுநர்களை ஏற்றினால் சரக்குக்கான எடையில் ஒரு மனிதர் அளவு போய்விடுகிறது. ஒருவரோடு கிளம்பி, நடுச் சத்திரத்தில் காத்திருக்கும் இன்னொருவரிடம் கம்பளத்தைக் கொடுத்துவிட்டால்? அஞ்சல் குதிரைகளில் குதிரை மாறும். இங்கே ஆள் மாறுகிறார்.

நடுச் சத்திரம் ஊரானது. ஓட்டுநர்கள் தூங்கும் அறை, ஈரக் கம்பளம் உலர்த்தும் மேடை, காற்றின் திசை பார்க்கும் கம்பம் எல்லாம் வந்தன. கம்பளி நனைந்து ஊறினால் எடை எளிதாக இரண்டு மடங்காகும். அந்த எடையும் சுமைக் கணக்கில்தான் சேரும். எனவே உலர்த்தும் மேடைக்குக் கூலி நன்றாகவே கிடைத்தது. நிஜ உலகில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் கேண்டர் விமான நிலையம் இதே மாதிரிதான் பெரிதானது. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருளுக்காக அங்கே இறங்கியே ஆக வேண்டியிருந்தது. நிற்காமல் கடக்கும் ஜெட் விமானங்கள் வந்தபின் அந்த முக்கியத்துவம் போனது. எங்கள் சத்திரத்துக்கும் அந்த ஆபத்து உண்டு. தூங்காமல் கட்டளை சொல்லக்கூடிய ஏதோ ஒன்று, பேசும் பொம்மையோ கட்டுப்பட்ட பூதமோ, உலகத்துக்குள் வந்தால் ஊர் காலியாகும்.

30 அடி விதிக்கு இன்னொரு விளைவும் இருந்தது. ஓட்டுநர் கம்பளத்தில் உட்கார வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. படைவீரராக ஆடியவர்தான் இதைக் கவனித்தார். மலைப்பாதையில் 6×9 கம்பளத்தில் முழு 363 கிலோவையும் ஏற்றிவிட்டு, அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டு கட்டளை சொன்னார். ஒட்டகம் ஏற முடியாத செங்குத்தான இடங்களில் மலையடியிலிருந்து சரக்கை மேலே கொண்டுபோக இதைவிட நல்ல வழி இல்லை. நடைவேகம் என்று நாங்கள் குறைசொன்ன அதே வேகம் இங்கே கச்சிதமாகப் பொருந்தியது. நெடுந்தூரத்துக்குப் பயன்படாத பெரிய கம்பளம் கடைசி 60 கி.மீ. தூரத்தின் சுமைதூக்கி ஆனது. சுமைதூக்குபவர்கள் தங்கள் வேலை போகிறதே என்று கணவாயை மறித்தார்கள். நியாயமான கோபம் அது. பேச்சுவார்த்தைக்கு ஒரு முழு அமர்வு போனது. கம்பளத்தை நடத்திச் செல்லும் உரிமை அவர்களுக்கே என்று முடிந்தது.

களவு

கம்பளத்தைக் கிளப்ப ஒரு மந்திரச்சொல் போதும். சொல் தெரிந்த யாரும் கிளப்பலாம். சந்தை நடுவில் நாலு பேர் கேட்க அந்தச் சொல்லைச் சொன்ன இரண்டாம் நாள் கம்பளம் காணாமல் போயிற்று. தேடிப் பிடித்து மீட்டார்கள். ஆனால் அதன்பின் அந்த உலகத்தில் ஒரு தொழில்முறையே உருவானது. ஓட்டுநர்கள் சொல்லை முணுமுணுப்பார்கள். கிளம்பும் இடத்தில் யாராவது பறை அடித்துக்கொண்டிருப்பார்கள், சொல் வெளியே கேட்காமல் இருக்க. சொல்லை அறிந்த ஓட்டுநரை வேலையைவிட்டு அனுப்ப முடியாது என்பதால் ஓட்டுநர் கூலி ஏறிக்கொண்டே போனது. பூட்டும் சாவியும் ஒரே சொல்லாக இருக்கும் வாகனத்தில் ஓட்டுநருக்கு இருக்கும் பேரம்பேசும் வலிமையை நான் முன்பு யோசித்ததே இல்லை. ஆட்டக்காரர்கள் அதை எனக்குக் காட்டினார்கள்.

வாசலும் கூரையும்

மிளகு விவகாரத்துக்குப் பிறகு மலைநகர ஆட்சியாளர் சும்மா இருக்கவில்லை. நகரத்தின் வருமானம் கோட்டைவாசல் சுங்கம். கம்பளமோ கூரைமேல் இறங்குகிறது. தடைசெய்துவிடலாம் என்பது முதல் யோசனை. நிஜ வரலாற்றிலும் அரசுகள் இதில் தாமதித்ததில்லை. மனிதர் ஏறிய பலூன் பாரிஸில் முதன்முதலாகச் சுதந்திரமாகப் பறந்தது 1783 நவம்பரில். அனுமதியில்லாமல் பலூன் விடக்கூடாது என்று பாரிஸ் காவல் அதிகாரி உத்தரவு போட்டது 1784 ஏப்ரலில். அரையாண்டுகூட ஆகவில்லை.

எங்கள் ஆட்சியாளரிடம் நோயாளியாக ஒரு மகள் இருந்தாள். மருந்து கம்பளத்தில் வந்தது. எனவே தடை வரவில்லை, விதிகள் வந்தன. இறங்கும் இடம் கோட்டைக்கு வெளியே ஒரு திடல். அங்கேயே எடை போட்டுச் சுங்கம். அரண்மனை முற்றங்களுக்கு மேல் வலை. இதெல்லாம் எதிர்பார்த்தவை. எதிர்பாராதது கடைசி விதி: கம்பளத்தில் வருகிற விலைச்செய்தி எதுவாயினும் திடலிலேயே மணியடித்து உரக்கப் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். சரக்குக்குச் சுங்கம் போட்டவர் பலர். செய்தியை எல்லோருக்கும் பொதுவாக்கியது இந்தக் கற்பனை ஆட்சியாளர்தான். அந்த விதியை முன்மொழிந்தது எங்கள் வைத்தியர். தன் கூட்டாளியான வணிகரின் லாபத்தில் கை வைத்தே அதைச் செய்தார். இருவருக்கும் அதற்கப்புறம் பேச்சு சுமுகமாக இல்லை.

தறி

செய்தி பொதுவானதும் கம்பளத்தின் மதிப்பு குறையும் என்று நினைத்தேன். கூடியது. எல்லா வணிகரும் சொந்தமாக ஒன்று வேண்டும் என்றார்கள். ஆட்சியாளரே தபாலுக்காக இருபது கம்பளம் கேட்டார், எல்லாம் 4×6. அந்த 24,000 கணக்கு அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது.

கம்பளம் காசு கொடுத்தால் உடனே கிடைக்கிற பொருள் கிடையாது. சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்று சாதாரண நெருக்கத்தில் வைத்தாலே 4×6 அடிக்கு 3,45,600 முடிச்சு. ஒரு நெசவாளர் நாளொன்றுக்கு 8,000 முடிச்சு போடுவார் என்று கொண்டால் 43 நாள் ஆகும். இருபது கம்பளத்துக்கு 864 ஆள்நாள். நிஜ உலகின் உயர்ந்த வேலைப்பாட்டைத் தொட வேண்டுமென்றால் இன்னும் அதிகம். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, 1539–40ஐச் சேர்ந்த அர்தபில் கம்பளத்தில் 10 செ.மீ. சதுரத்துக்குச் சுமார் 5,300 முடிச்சு இருக்கிறது. அது சதுர அங்குலத்துக்கு 340 அளவில் வரும். அந்த நெருக்கத்தில் ஒரு 4×6 கம்பளத்துக்கு ஒருவருக்கு ஐந்து மாதம். எங்கள் உலகத்தில் முடிச்சு நெருங்க நெருங்க மந்திரம் நீண்டகாலம் தங்கும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். எனவே அவசரத்தில் தளர்வாக முடிந்த கம்பளம் பாலை நடுவில் கைவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மந்திரவாதிகளின் சொத்து என்று எல்லோரும் நினைத்த ஒன்று இப்போது மலையடிக் கிராமங்களில் தறிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கையில் இருக்கிறது. வணிகராக ஆடியவர் தன் பாத்திரத்தை ஓய்வுபெற வைத்துவிட்டு, ஒரு நெசவாளியாகப் புதிதாகத் தொடங்க அனுமதி கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டேன். இருபது கம்பளத்துக்குக் கூலி முன்பணமாகவா, முடிச்சுக் கணக்கிலா என்பதுதான் அடுத்த அமர்வில் ஆட்சியாளரோடு அவர் பேசப்போகும் முதல் விஷயம்.